மாட்டைத் தொடர்ந்தார்களா, புல்லைத் தொடர்ந்தார்களா? வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் பழங்கால வேடர்கள்

மண்ணடுக்கு (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9:12

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "கற்கால வேட்டைக்காரங்க என்ன, மாடு போற திசையில போனாங்க, கிடைச்சா தின்னாங்க, இல்லைன்னா பட்டினி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. பல வருடமாக நான் தேடித் தேடிப் படிப்பது வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியைப் பற்றி. ராக்கி மலைக்குக் கிழக்கே, கனடாவின் ஆல்பர்ட்டா தொடங்கி டெக்சாஸ் வரை விரிந்து கிடக்கும் புல் நிலம் அது. அங்கே 13,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வேட்டையாடி வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நிலமோ இப்போது நாம் படத்தில் பார்ப்பது போல என்றைக்கும் இருந்துவிடவில்லை. பனிக்காலம் முடிந்தது, யானை இனங்கள் அழிந்தன, குதிரையும் ஒட்டகமும் அங்கே இல்லாமலே போயின, புல்லின் வகை மாறியது, ஏரிகள் வற்றின. மனிதர்கள் மட்டும் விடாமல் இருந்தார்கள். எப்படி என்பதுதான் என் கேள்வி.

பைசன் என்று எழுதப் போகிறேன். நீலகிரியிலும் வால்பாறையிலும் 'பைசன்' என்று நாம் சொல்வது காட்டெருது. இது வேறு விலங்கு. தோள்பட்டை மேடாக எழும்பியிருக்கும், தலையும் முன்னுடம்பும் சடை பிடித்திருக்கும்.

ஃபோல்சத்திலிருந்து தொடங்குகிறேன். நியூ மெக்சிகோவில் ஒரு சின்ன ஊர். 1908 ஆகஸ்டில் அங்கே பெருவெள்ளம். வெள்ளம் வடிந்தபின் வேலி பார்க்கப் போனவர் ஜார்ஜ் மெக்ஜங்கின். அடிமையாகப் பிறந்து, பிற்பாடு பண்ணை மேற்பார்வையாளராக உயர்ந்த கறுப்பினத்தவர். ஓடை அரித்த கரையில், மிக ஆழத்தில், எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. மாடு மேய்த்தே வாழ்ந்தவருக்கு ஒரு பார்வை போதும். இது இப்போதுள்ள பைசன் இல்லை, இதைவிடப் பெரியது, இவ்வளவு மண்ணுக்கு அடியில் கிடப்பதால் மிகப் பழையது என்று கண்டுகொண்டார். பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் வந்து பார்க்கவில்லை. 1922-இல் இறந்துபோனார். அதன்பிறகுதான், 1926-இல், அகழாய்வு தொடங்கியது. 1927-இல் விலா எலும்புகளுக்கு இடையே, குத்திய இடத்திலேயே கல் ஈட்டிமுனை கிடைத்தது. அதுவரை அமெரிக்காவுக்கு மனிதன் வந்து சில ஆயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று அடித்துப் பேசிய அறிஞர்கள் வாயடைத்துப் போனார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு மெக்ஜங்கின் நினைப்புதான்.

அங்கே விழுந்தவை 32 பைசன்கள். தாய்மாடும் கன்றும் சேர்ந்த கூட்டம், இலையுதிர்காலம், இன்றைக்குச் சுமார் 12,400 ஆண்டுகளுக்கு முன். பெரும்பாலான எலும்புக்கூடுகளில் வால் எலும்பைக் காணவில்லை. தோலை உரிக்கும்போது வால் தோலோடு போய்விடும். ஈட்டிமுனைகளுக்கான கல்லில் ஒரு பகுதி டெக்சாஸ் பக்கத்து அலிபேட்ஸ் கல். வண்டி மாடு கிடையாது, குதிரை கிடையாது, எல்லாம் நடந்து கொண்டுபோனது.

நான் சொல்ல வருவது இது: இந்த மனிதர்களின் கண் மாட்டின் மேல் இருப்பதற்கு முன்னால் புல்லின் மேல் இருந்தது. எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் புல் துளிர்க்கும், எங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவனுக்கு மாடு தானாக வந்து சேரும். மற்றவர்களும் எழுதுங்கள்.

---

ஒற்றைக்கேள்வி | வெள்ளி, இரவு 10:40

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான மாட்டைப் பள்ளத்துல விரட்டிக் கொன்னதாகவும் படிச்சிருக்கேன். அதுல பாதியை அப்படியே விட்டுட்டுப் போனாங்களாம். இயற்கையோட ஒட்டி வாழ்ந்தவங்கன்னு எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுறாங்களே, அது எப்படி?

---

மண்ணடுக்கு | சனி, காலை 6:25

தம்பி, நீங்கள் சொல்வது கொலராடோவின் ஓல்சன்-சப்பக். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஜோ பென் வீட் என்பவர் தோண்டினார். ஒடுங்கிய ஒரு வாய்க்கால் பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட 190 பைசன்கள். ஓடி வந்த கூட்டத்தில் முன்னால் வந்தவை விழ, பின்னால் வந்தவை அவற்றின் மேல் விழுந்திருக்கின்றன. அடியில் நசுங்கியவற்றைக் கை வைத்துத் தூக்கவே முடியாது. அறுபடாமல் கிடந்தவை பெரும்பாலும் அந்த அடி மாடுகள். எட்டிய மாடுகளை அவர்கள் விடவில்லை.

அறுத்த முறையைப் பாருங்கள். எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. குவியலின் அடியில் முன்னங்கால், அதற்கு மேல் மற்றவை என்று ஒரு வரிசை. முதலில் வெட்டிய உறுப்பு அடியில் போகும் அல்லவா? பல பேர் சேர்ந்து, ஒரே முறைப்படி, மாடு மாடாக வேலை செய்திருக்கிறார்கள். இன்னொன்று, நாக்கின் அடியிலிருக்கும் சிறு எலும்பு குவியலின் எல்லா மட்டத்திலும் சிதறிக் கிடந்தது. வேலை நடக்கும்போதே நாக்கை அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள் என்று வீட் கருதினார். எனக்கு அந்த இடத்தில்தான் அந்த மனிதர்கள் முழுசாகத் தெரிகிறார்கள். கை முழங்கை வரை ரத்தம், வயிற்றில் பசி, வாயில் சூடான நாக்கு.

உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. கூட்டத்தை ஓடவிட்ட பிறகு எண்ணி நிறுத்த முடியாது. அந்த முறையில் வீண் உண்டு. அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதே சமயம் பல்லாயிரம் ஆண்டுகள் இப்படி வேட்டையாடியும் பைசன் அழியவில்லை. ஐரோப்பியர் வந்த பிறகு, துப்பாக்கியும் ரயிலும் தோல் வியாபாரமும் சேர்ந்து, 1880-களின் இறுதியில் சுமார் ஆயிரம் மாடுகள்தான் மிஞ்சின. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

---

கிடைக்காரன் | சனி, காலை 11:03

ஐயா வணக்கம். நான் சிவகங்கைப் பக்கம், மூணு தலைமுறையா செம்மறிக் கிடை போடுறோம். தொல்லியல் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கணும். எந்த மாட்டை அடிக்கணும்னு அவங்க பார்த்துத்தானே அடிச்சிருப்பாங்க?

ஏன் கேக்குறேன்னா, குட்டி போட்டு பால் குடுக்குற தாயாட்டை அறுத்தீங்கன்னா உள்ள ஒண்ணும் இருக்காது. கறி வெளுத்து, குடல்மேல கொழுப்பே இல்லாம கிடக்கும். அதே ஆடு மழை பேஞ்சு புல்லு வந்து ரெண்டு மாசம் மேஞ்சதும் முதுகுல கை வச்சா எலும்பு தட்டாது. பொலிகிடாவும் அப்படித்தான், பொலிச்சல் முடிஞ்ச கிடா வத்தலா நிக்கும். எங்க அப்பா ஆட்டைப் பார்க்கவே மாட்டார், இடுப்புக்கு மேல கையை வச்சு ஒரு அமுக்கு அமுக்குவார், அவ்வளவுதான், சொல்லிருவார்.

---

மண்ணடுக்கு | சனி, பகல் 1:15

> எந்த மாட்டை அடிக்கணும்னு அவங்க பார்த்துத்தானே அடிச்சிருப்பாங்க?

ஐயா, நீங்கள் சொன்னது தொல்லியலில் பெரிய பாடம். கொழுப்பில்லாத கறியை மட்டும் தின்று மனிதன் வாழ முடியாது. புரதத்தை ஓர் அளவுக்கு மேல் ஈரல் தாங்காது. வயிறு நிறையத் தின்றும் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். மாவுப்பொருள் குறைவாகக் கிடைக்கும் புல்வெளியில், குளிர்கால முடிவில், கொழுப்புதான் உயிர்.

நியூ மெக்சிகோவில் கார்ன்சி என்று ஓர் இடம். காலம் பிற்பட்டது, 15-ஆம் நூற்றாண்டு. ஆனால் வேட்டை அதே பழைய முறை, நடந்து போய் அடித்தது. ஜான் ஸ்பெத் ஆராய்ந்தார். வேட்டை நடந்தது வசந்த காலத்தில். பசுக்கள் சினையாகவோ கன்று ஈன்றோ வற்றிப் போயிருக்கும் நேரம். எலும்புகளை எண்ணிப் பார்த்தால், அவர்கள் அதிகமாகத் தூக்கிப்போனது காளைகளின் உறுப்புகளை. பசுக்களின் உறுப்புகளில் பலவற்றை, அதிலும் கொழுப்பு குறைந்தவற்றை, அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இலையுதிர்காலத்தில் கணக்கு தலைகீழ். இணைசேரும் பருவம் முடிந்த காளை வத்தல், பசுவின் உடம்பில் கொழுப்பு. ஃபோல்சத்தில் விழுந்தது இலையுதிர்காலத் தாய்மாட்டுக் கூட்டம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஒற்றைக்கேள்வித் தம்பி, 'விட்டுட்டுப் போன' எலும்பில் ஒரு பகுதிக்கு இதுவும் பதில். நமக்கு வீணாகத் தெரிவது அவர்களுக்குச் சுமக்கத் தகாத கறி.

உங்கள் அப்பாவின் அந்தக் கை அமுக்கு என் மனசில் நிற்கிறது ஐயா.

---

அடுப்படி | சனி, மாலை 5:50

எல்லாரும் அடிக்கிறதையும் அறுக்கிறதையுமே பேசுறீங்க. அடிக்கிறது ஒரு காலைப்பொழுது வேலை. அதுக்கப்புறம்? வீட்டுல ஒரு ஆடு அறுத்து உப்புக்கண்டம் போட்டாலே எனக்கு ரெண்டு நாள் இடுப்பு போயிரும். துண்டு போடணும், உப்பு மஞ்சள் தடவணும், கோக்கணும், காக்கா பார்க்கணும், சாயங்காலம் எடுத்து உள்ள வைக்கணும். இங்கே நூத்துத் தொண்ணூறு மாடு! யார் காய வச்சது, எங்கே வச்சது, ஈ மொய்க்காம எப்படிப் பார்த்தது? இதைப் பத்தி எழுதுங்க அண்ணா.

---

மண்ணடுக்கு | சனி, இரவு 8:32

அக்கா, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய பகுதி இது.

ஆல்பர்ட்டாவில் ஹெட்-ஸ்மாஷ்டு-இன் என்றொரு பாறை. பிளாக்ஃபுட் மக்களின் நிலம். 1981-இல் யுனெஸ்கோ உலக மரபிடம் ஆனது. ஏறத்தாழ 6,000 ஆண்டுகள் அந்தப் பாறை விளிம்பிலிருந்து மாடுகளைப் பாய வைத்திருக்கிறார்கள். இன்று பாறையின் உயரம் சுமார் 10 மீட்டர்தான். அதன் காலடியில் எலும்பும் மண்ணும் கல்முனைகளும் சேர்ந்து மேடாகி, அந்தப் படிவே 10 மீட்டர் ஆழம் இருக்கிறது.

விரட்டுவதே பெரிய கலை. பாறைக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் தாம்பாளம் மாதிரி ஒரு மேய்ச்சல் நிலம், சுமார் 40 சதுர கிலோமீட்டர். தண்ணீரும் நல்ல புல்லும் இருப்பதால் மாடுகள் தாமாக அங்கே கூடும். அங்கிருந்து பாறை வரை இரு பக்கமும் சிறு சிறு கல் குவியல்கள், புனல் போல ஒடுங்கிக்கொண்டே வரும். ஒருவன் கன்றுத் தோலைப் போர்த்துக் குரல் கொடுப்பான், தாய்மாடுகள் அவன் பக்கம் நகரும். ஓநாய்த் தோல் போர்த்தவர்கள் பின்னாலிருந்து ஒதுக்குவார்கள். பைசனுக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. காற்று திரும்பிவிட்டால் பல நாள் பாடு அத்தனையும் போச்சு.

இனி உங்கள் கேள்வி. பாறைக்குக் கீழே சமதரையில் ஒரு பெரிய வேலைக்களம். தரையில் குழி தோண்டி, தோலை உள்ளே விரித்து, தண்ணீர் ஊற்றி, நெருப்பில் பழுத்த கற்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். நொறுக்கிய எலும்பை அதில் போட்டால் உள்ளிருக்கும் கொழுப்பு மேலே மிதக்கும். அதை வழித்து எடுக்க வேண்டும். பக்கத்திலேயே பாறை இருக்கிறது, ஆனால் அந்த மணற்கல் சூட்டில் உதிர்ந்து குழம்பை மண்ணாக்கும். அதனால் தொலைவிலிருந்த ஆற்றுப் படுகையிலிருந்து உறுதியான கூழாங்கற்களைச் சுமந்து வந்திருக்கிறார்கள். களம் முழுக்க வெந்து வெடித்த கல். டன் கணக்கில்.

கறியை மெல்லிய தாள் போல அரிந்து காற்றிலும் வெயிலிலும் காய வைப்பார்கள். உப்பு கிடையாது. வறண்ட காற்றே காய்ச்சிவிடும். காய்ந்ததை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பைக் கலந்து, சில சமயம் காட்டுப் பழங்களையும் சேர்த்துத் தோல் பைகளில் அடைத்தால் பெமிக்கன். நீண்ட காலம் கெடாது. பிற்காலப் பதிவுகள் சொல்கிறபடி கறி அரிவது, காய வைப்பது, எலும்புக் கொழுப்பு எடுப்பது, தோல் சுரண்டிப் பதம் செய்வது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கை. பல களங்களில் கிடைக்கும் சுரண்டும் கற்கருவிகளைப் பார்க்கும்போது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டாடப்படும் ஈட்டிமுனையைவிட இந்தக் கருவிக்குத்தான் முதல் மரியாதை தர வேண்டும் என்று எனக்குத் தோன்றும். குளிர்காலத்தில் உயிரோடு இருந்தவர்கள் அதனால் இருந்தார்கள்.

---

அடுப்படி | சனி, இரவு 9:05

கல்லு உதிர்ந்து குழம்புல மண் விழும்னு தூரத்துல இருந்து வேற கல் கொண்டு வந்தாங்கன்னு படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அம்மிக்கல்லை நாலு தட்டுத் தட்டிப் பார்த்து வாங்குற எங்க அம்மாச்சி ஞாபகம்.

---

கொறங்காடு | ஞாயிறு, காலை 7:18

காங்கேயம் பக்கத்திலிருந்து எழுதுறேனுங்க. புல்லைப் பத்தி ஒரு சந்தேகம். எங்க கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு மழைக்கு வந்து, கோடையில நின்ன வாக்குலயே காஞ்சு கிடக்கும். காஞ்சாலும் மாடு விரும்பித் திங்கும், சத்து இருக்கும். ஆள் உசரம் வளர்ற வேற சில புல்லு காஞ்சா வெறும் சக்கைங்க. அங்கேயும் இப்படி வித்தியாசம் உண்டுங்களா? பத்தாயிரம் வருசத்துக்கு முன்னாடி எந்தப் புல்லு இருந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கிறாங்க?

---

மண்ணடுக்கு | ஞாயிறு, காலை 10:44

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அங்கே மேற்குப் பக்கம், மலையை ஒட்டிய வறண்ட பகுதியில் குட்டைப்புல். கிழக்கே மழை கூடக் கூட நெட்டைப்புல். குட்டைப்புல் நின்றபடியே காய்ந்து சத்தைத் தக்க வைக்கும், பைசன் குளிர்காலத்திலும் அதை மேயும். நெட்டைப்புல் இளசில் அருமை, முற்றினால் நீங்கள் சொன்ன சக்கை.

எந்தப் புல் என்பதை மாட்டின் எலும்பே சொல்கிறது. செடிகள் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுக்கும் வழி இரண்டு முக்கிய வகை. நெல், கோதுமை ஒரு வகை. கம்பு, சோளம், கரும்பு மற்றொரு வகை, வெயிலுக்கும் வறட்சிக்கும் தாக்குப்பிடிப்பவை. புற்களும் இப்படியே இரண்டாகப் பிரியும். இரண்டாம் வகையில் கனமான கரி அணு சற்றே கூடுதல். மேய்ந்த மாட்டின் எலும்பிலும் பல்லிலும் அந்த விகிதம் பதிந்துவிடும். அந்த விகிதத்தை அளந்து, குளிர்ந்த பருவத்தில் வளரும் முதல் வகைப் புல்லும் வெயில் பருவத்தில் வளரும் இரண்டாம் வகைப் புல்லும் காலந்தோறும் எப்படி ஏறி இறங்கின என்று பார்க்கிறார்கள்.

பெரிய சோதனை வந்தது இன்றைக்கு 8,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன். நீண்ட வெப்பமும் வறட்சியும். தென்சமவெளியில் புல் சுருங்கி, மண் பறந்து, பைசன் அரிதானது. பனிக்காலத்து முடிவில் திரிந்த பெரும் பைசனின் உடம்பும் இந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சிறுத்து இன்றைய அளவுக்கு வந்தது. மனிதர்கள் செடிகொடிகளையும் சிறு விலங்குகளையும் கூடுதலாகச் சார்ந்தார்கள். சிலர் தண்ணீர் உள்ள ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். டெக்சாஸில் மஸ்டாங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், வறண்ட ஓடைப் படுகையில் 60-க்கும் மேற்பட்ட கிணற்றுக் குழிகள் கிடைத்திருக்கின்றன. அத்தனையும் அந்த வறட்சிக் காலத்தவை, மனிதர்கள் தோண்டியவை.

---

ஒற்றைக்கேள்வி | ஞாயிறு, பகல் 12:20

அண்ணே, நான் கொஞ்சம் இறங்கி வர்றேன். கொழுப்புக் கணக்கு எனக்குப் புதுசு. ஆனா புல்லை 'படிச்சாங்க'ன்னு மட்டும் சொல்றீங்களே, புல்லை அவங்க மாத்தவும் செஞ்சாங்களா? தீ வச்சிருக்க மாட்டாங்களா?

---

மண்ணடுக்கு | ஞாயிறு, மாலை 4:10

வைத்திருக்கிறார்கள். மொன்டானாவின் வடபகுதியில், பிளாக்ஃபுட் மக்களின் ஒரு பிரிவான பிளாக்ஃபீட் நிலத்தில், டூ மெடிசின் ஆற்றுப் பக்கம் பைசன் விரட்டும் கல் வரிசைகள் நிறைய உண்டு. அவற்றின் அருகே ஓடைக் கரைகளில் மண்ணுக்குள் கரி அடுக்குகள். 2018-இல் வெளியான ஆய்வின்படி அந்தத் தீக்கள் பெரும்பாலும் பொ.ஆ. 1100-க்கும் 1650-க்கும் இடைப்பட்டவை, கல் வரிசைகள் புழக்கத்தில் இருந்த அதே காலம். எரித்த இடத்தில் வரும் புதுத் துளிருக்கு மாடு வரும், வேண்டிய இடத்தில் கூட்டத்தைச் சேர்க்கலாம்.

அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. தீ கூடியது மழை நன்றாகப் பெய்த காலங்களில். மழை பெய்தால்தான் எரிவதற்குப் புல் இருக்கும். தட்பவெப்பம் தனியாக, மனிதன் தனியாக என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் அந்தக் கரியில் கலந்திருக்கின்றன. ஆகவே 'படித்தார்கள்' என்று நான் எழுதியது பாதிதான். திருத்தியதற்கு நன்றி தம்பி.

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:37

நேத்திலிருந்து படிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதத் தோணலை. அந்த 60 குழியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

எங்க ஊர் பரமக்குடிக்குக் கீழே. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப சித்திரை வைகாசியில ஆத்து மணல்ல ஊத்து தோண்டித்தான் குடிதண்ணி. அம்மா கூட விடிகாலையில போவேன். கையால மணலை விலக்கிக்கிட்டே போகணும். முதல்ல காஞ்ச மணல், அப்புறம் கொஞ்சம் கறுத்த மணல், அப்புறம் விரல்நுனி சில்லுன்னு ஆகும். அங்கே நிறுத்திட்டு ஒக்காந்திருக்கணும். தண்ணி தானா கசிஞ்சு வரும், முதல்ல கலங்கல், அதைக் கொட்டாங்குச்சியில அள்ளிக் கொட்டிட்டா பின்னால தெளிஞ்சது வரும். அவசரப்பட்டு ஆழமா அள்ளினா ஓரம் சரிஞ்சு மூடிரும்.

போன வாரம் தோண்டின ஊத்துல இந்த வாரம் தண்ணி இருக்காது. பக்கத்துல நாலடி தள்ளி, இன்னும் கொஞ்சம் ஆழமா புதுசு தோண்டுவோம். ஆடி வர்றதுக்குள்ள ஆறு பூரா குழியா இருக்கும். யாராவது மேலேருந்து பார்த்தா ஏதோ ஒரே நாள்ல பெரிய கூட்டம் வந்து தோண்டின மாதிரி தெரியும். உண்மையில அது நாலஞ்சு வீட்டுப் பொம்பளைங்க, மாசக்கணக்கா, தண்ணி இறங்க இறங்கப் பின்னாலேயே இறங்கினது.

மஸ்டாங் ஸ்பிரிங்ஸ் குழியும் அப்படித்தான் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருந்துச்சா அண்ணே?

---

மண்ணடுக்கு | ஞாயிறு, இரவு 10:15

ஆமாம் அம்மா. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போன காலத்தில், அதைத் துரத்திக்கொண்டு தோண்டியவை. டேவிட் மெல்ட்சர் அந்த ஆய்வைச் செய்தார். பிற்பாடு ஃபோல்சத்தில் மறுபடி அகழ்ந்தவரும் அவரேதான். அவருடைய விளக்கமும் ஏறக்குறைய உங்கள் ஆற்றுமணல்தான். நீங்கள் எழுதியதில் அந்த 'நிறுத்திட்டு ஒக்காந்திருக்கணும்' என்ற வரியை எந்த ஆய்விலும் நான் பார்த்ததில்லை. அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.